பொறி செய்தவனும் பொருள் குவித்தவனும்

1733 — ஜான் கே, பறக்கும் நாடா. 1764 — ஹார்கிரீவ்ஸ், ஜென்னி. 1769 — ஆர்க்ரைட், நீர்விசை நூற்புப் பொறி. 1779 — கிராம்ப்டன், ம்யூல். 1785 — கார்ட்ரைட், விசைத்தறி.

இங்கிலாந்தின் தொழிற்புரட்சி எனும் பாடத்தைத் திறந்ததும் எதிர்ப்படும் பட்டியல் இது. ஐந்து பெயர், ஐந்து ஆண்டு, ஐந்து பொறி! மாணவன் மனப்பாடம் செய்கிறான், ஒப்பிக்கிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்துவிடுகிறான். நாம் கற்றதும் அவ்வாறே. வகுப்பறையில் நின்று கற்பிப்பதும் பெரும்பாலும் அவ்வாறே. ஆயினும், அந்தப் பட்டியலிலே இடம்பெறாத கேள்விகள் சில உண்டு. பொறியைக் கண்டவன் பொருளைக் கண்டானா? பொருளைக் குவித்தவன் பொறியைக் கண்டவன்தானா? பொறி வந்த பிறகு, அதுவரை அத்தொழிலால் வயிறு வளர்த்தவர் கதி என்னாயிற்று? அக்கதியை முடிவு செய்தது யார்? ஆண்டவனா, விதியா, சந்தையா, அல்லது சட்டம் இயற்றும் இடத்திலே அமர்ந்திருந்த மனிதர்களா?

இக்கேள்விகளைக் கேட்காமல் படிக்கும் வரலாறு வெறும் பஞ்சாங்கம். கேட்டுப் படித்தால்தான் அது பாடம்.

தடையிலே பிறந்த தொழில்

பருத்தித் துணி இங்கிலாந்தின் சொந்தச் சரக்கன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் சீமாட்டிகள் விரும்பி உடுத்தியது, சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் கப்பலேறிச் சென்ற துணியை. கோழிக்கோட்டின் பெயரே அங்கே 'காலிகோ' என்று துணிக்குப் பெயராயிற்று. சாயம் மங்காத துணி, விலை மலிந்த துணி, துவைக்கத் துவைக்கப் பொலிவு குன்றாத துணி! உள்நாட்டுக் கம்பளித் தொழிலாளரும் பட்டு நெசவாளரும் பதைத்தனர். 1719 இல் இலண்டன் நெசவாளர் வீதியிலே திரண்டு, காலிகோ உடுத்திவந்த பெண்களின் ஆடையைக் கிழித்தெறியும் அளவுக்குக் கொதித்தனர்.

நாடாளுமன்றம் பார்த்துக்கொண்டிருந்ததா? இல்லை. 1700 இல் இயற்றிய சட்டத்தால் இந்திய அச்சுத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721 இல் இயற்றிய சட்டத்தால், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்தது. உடுத்தினால் தண்டம்! இன்று 'தடையற்ற வாணிகம்' என்னும் மந்திரத்தை உலகுக்கு ஓதும் நாட்டின் முதல் பாடம் தடைச் சட்டந்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அந்த வேலிக்குள்ளேதான் லங்காஷயரின் பருத்தித் தொழில் முளைவிட்டது. பாவுக்கு லினன் நூலும் ஊடைக்குப் பருத்தி நூலுமாகக் கலந்து நெய்து, மெல்ல வளர்ந்தது.

வெளியாரைத் தடுத்த வேலி ஒன்றிருந்தது. உள்ளூராரைத் தடுக்கும் வேலி இத்தொழிலுக்கு இல்லை. அதுவும் கவனிக்கத்தக்கது. 1563 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழைய தொழில்களில் ஈடுபட விரும்புவோர் ஏழாண்டு பயிற்சிக் கட்டுக்குள் இருந்து தேற வேண்டும். பருத்தித் தொழிலோ அச்சட்டம் பிறந்த பின் வளர்ந்தது. ஆகவே அதற்கு அக்கட்டு இல்லை. மான்செஸ்டர் நகரிலே, யார் எத்தொழில் செய்யலாம் என்று ஆணையிடும் பழந்தொழிற் சங்கங்களின் ஆதிக்கமும் இல்லை. விளைவு என்ன? நெசவாளி புகுந்தான், தச்சன் புகுந்தான், கடிகாரம் செய்பவன் புகுந்தான், முடிதிருத்துபவன் புகுந்தான், பாதிரியும் புகுந்தார்! யார் மகன் எத்தொழிலைத் தொடலாம் என்று பிறப்பே தீர்மானித்துவிடும் இடத்தில் இவ்வளவு கைகள் ஒரு தொழிலுக்குள் நுழைந்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

கண்டவர் கண்ட பலன்

ஜான் கே கண்டது எளிய கருவி. நெசவாளி இரு கையாலும் நாடாவை எறிந்து வாங்கிய காலத்தில், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும்படி செய்தார். ஒரு தறியின் வேகம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. முதலாளிகள் அக்கருவியை மகிழ்ந்து ஏற்றனர். ஆனால் உரிமைத் தொகை தர மறுத்தனர். மறுத்தது மட்டுமா? கே தொடுத்த வழக்குகளை எதிர்க்கத் தங்களுக்குள் சங்கமே அமைத்துக்கொண்டனர்! வழக்குச் செலவிலே நொடித்துப்போன கே, பிரான்சுக்குச் சென்றார். அங்கேயே வறுமையில் மறைந்தார்.

நாடா விரைந்தது, நூல் போதவில்லை. ஒரு தறிக்கு நூல் தரப் பல பெண்கள் ராட்டினத்தில் உழைக்க வேண்டியிருந்தது. இந்தத் தட்டுப்பாடே அடுத்த புதுமையை அழைத்தது. பிளாக்பர்ன் நகருக்கருகே வாழ்ந்த நெசவாளி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ், ஒரே சக்கரத்தால் எட்டுக் கதிர்கள் சுழலும் ஜென்னியை அமைத்தார். 1768 இல் ஒரு கூட்டம் அவர் பொறிகளை உடைத்தது. அவர் நாட்டிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். 1770 இல் காப்புரிமை பெற்றார். ஆனால், அதற்கு முன்பே சில பொறிகளை விற்றிருந்தமையால் அவ்வுரிமை நிலைக்கவில்லை.

கிராம்ப்டன் கதை இன்னும் கசப்பானது. ஜென்னியையும் நீர்விசைப் பொறியையும் இணைத்து ம்யூலை, அதாவது கோவேறு கழுதை என்னும் பெயர் பெற்ற கலப்புப் பொறியை ஆக்கினார். மெல்லிய மஸ்லினுக்கு வேண்டிய நுண்ணிய நூலையும் நூற்க வல்லது அது. இரகசியத்தை வெளியிட்டால் தொகை திரட்டித் தருகிறோம் என்றனர் ஆலைக்காரர். வெளியிட்டார். கிடைத்தது சுமார் 60 பவுன்! கையெழுத்திட்ட தொகையைக்கூடக் கொடுக்காதவர் பலர். 1811 இல் அவரே ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தபோது, அவர் கண்ட முறையிலே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. மறு ஆண்டு நாடாளுமன்றம் 5,000 பவுன் வழங்கியது. அதுவும் கரைந்தது. 1827 இல் ஏழையாகவே இறந்தார்.

கண்டவர் கதை இது. குவித்தவர் கதை வேறு!

முடிதிருத்தியவர் முடிசூடா மன்னரான கதை

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732 இல் பிரஸ்டன் நகரில் ஏழைத் தையற்காரர் ஒருவரின் பதின்மூன்று மக்களிலே இளையவராகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். முடிதிருத்தும் தொழில் பயின்று போல்ட்டன் நகரிலே கடை வைத்தார். பொய்ம்முடி செய்வதற்காக ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் கூந்தல் வாங்கினார். அப்படிச் சுற்றிய இடமெல்லாம் அவர் காதில் விழுந்தது ஒரே பேச்சு: நூல் போதவில்லை, நூல் போதவில்லை!

உருளைகளுக்கிடையே பஞ்சை இழுத்து நூற்கும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு உண்டு. லங்காஷயரைச் சேர்ந்த தாமஸ் ஹைஸ் அதில் முயன்றவர். ஹைஸுக்கு உதவிய கடிகாரத் தொழிலாளி ஒருவரை ஆர்க்ரைட் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். இவர் பெயரும் ஜான் கே. நாடா கண்ட கே அல்லர். 1769 இல் காப்புரிமை ஆர்க்ரைட் பெயரில் பதிந்தது. பிறர் எண்ணத்தை எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு பிற்காலத்தில் நீதிமன்றம் ஏறியது. 1785 இல் உரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் ஆர்க்ரைட் செய்தது என்ன? திருட்டு மட்டுந்தானா? அப்படிச் சொல்லி முடிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது.

அவர் பணம் படைத்தவரல்லர். ஆகவே, காலுறை வணிகர்களான சாமுவேல் நீட், ஜெடடயா ஸ்ட்ரட் இருவரையும் கூட்டாளியாக்கினார். முதலில் குதிரையைக் கொண்டு பொறியை ஓட்டினார். பிறகு 1771 இல் டெர்பிஷயரின் குரோம்போர்டு என்னும் சிற்றூருக்குப் போனார். அங்கே ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த நீர் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஆண்டு முழுவதும் சக்கரம் சுழலும்! ஆலை எழுப்பினார். ஆள் போதாத ஊரிலே வீடுகள் கட்டினார். மேல்மாடியில் ஆடவர் நெய்ய, பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்கு வந்தனர். பகலுக்கொரு கூட்டம், இரவுக்கொரு கூட்டமாகப் பொறி ஓயாமல் ஓடியது. சிக்கெடுப்பது முதல் நூல் சுற்றுவது வரை எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

நீர்விசை நூல் உறுதியானது. பாவுக்கும் பருத்தியே போதும் என்றாயிற்று. ஆனால் 1721 ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. ஆர்க்ரைட்டும் கூட்டாளிகளும் நாடாளுமன்றத்தை அணுகினர். 1774 இல் தடையை நீக்கும் சட்டம் பிறந்தது. இந்தியத் துணியைத் தடுக்க எழுந்த வேலி, ஆர்க்ரைட்டின் துணிக்காகத் திறந்தது! புதிய பொறி, புதிய அமைப்பு, புதிய இடம், புதிய சந்தை—நான்கையும் பிணைத்த கை அவருடையது. 1786 இல் 'சர்' பட்டம். 1792 இல் இறந்தபோது சுமார் 5 லட்சம் பவுன் சொத்து!

ஷும்பீட்டர் சொன்ன புயல்

இத்தகைய மனிதரைப் பொருளாதார நூலின் நடுவே நிறுத்தியவர் ஜோசப் ஷும்பீட்டர். 1883 இல் மொராவியாவில் பிறந்து, ஆஸ்திரியாவில் சிறிது காலம் நிதியமைச்சராயிருந்து, பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பேராசிரியரானவர். 1911 இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் அவர் தொடுத்த கேள்வி இது: ஆண்டுதோறும் அதே பொருளை அதே முறையில் செய்து அதே விலைக்கு விற்கும் பொருளாதாரம், எதனால் திடீரென்று உருமாறுகிறது?

அவர் தந்த விடை, தொழில் முனைவர். கண்டுபிடிப்பவர் வேறு, முனைவர் வேறு. கடன் கொடுத்து வட்டி வாங்கும் பணக்காரரும் வேறு. இருக்கும் பொருள்களையும் ஆற்றல்களையும் இதுவரை இல்லாத வகையில் இணைத்துச் செயற்படுத்துபவரே முனைவர். புதிய பண்டம், புதிய முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய அமைப்பு—இவ்வைந்தில் ஒன்றையோ பலவற்றையோ அவர் கொணர்கிறார். ஆயிரம் ராட்டினங்களை வரிசையாக அடுக்கினாலும் அது ஆலையாகிவிடாது. ஆலை என்பது வேறோர் இணைப்பு!

முந்திக்கொண்டவருக்குப் பெருஇலாபம். அதைக் கண்டு பின்பற்றுவோர் திரள்கின்றனர், விலை சரிகிறது, இலாபம் கரைகிறது, பழைய முறையில் நின்றவர் அழிகின்றனர். 1942 இல் வெளிவந்த நூலில் இதைப் 'படைப்பழிவு' என்னும் பொருள்படக் குறித்தார். முதலாளித்துவம் நிலையாக நிற்க முடியாதது. உற்பத்தி முறையை ஓயாது புரட்டிப்போட்டே உயிர்வாழ்வது. மார்க்சும் எங்கெல்சும் 1848 இலேயே இவ்வியல்பைச் சுட்டிக்காட்டியிருந்தனர். கொள்கையில் அவர்களோடு முரண்பட்ட ஷும்பீட்டர், இதிலே அவர்களை மதித்தே பேசினார்.

லங்காஷயர் இதற்குச் சான்று. ஆர்க்ரைட்டின் உரிமை 1785 இல் விழுந்ததும் ஆலைகள் பெருகின. 1788 வாக்கில் அவர் முறையைப் பின்பற்றிய ஆலைகள் சுமார் 140. நூறாம் எண் நூல் ஓர் இராத்தல் 1786 இல் 38 ஷில்லிங் விற்றது. 1807 இல் 7 ஷில்லிங்கும் பெறவில்லை! நூறு இராத்தல் பஞ்சை நூற்க இந்தியக் கைராட்டினத்தில் சுமார் 50,000 மணி நேர உழைப்பு வேண்டும் என்றும், 1825 இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் அமைத்த தானியங்கி ம்யூலில் சுமார் 135 மணி நேரம் போதும் என்றும் பின்னாளைய ஆய்வாளர் கணக்கிட்டனர். ஏழைக்கும் மாற்றுத்துணி கிடைத்தது. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது அறிவுடைமையாகாது.

புயலில் கூரை இழந்தவர்

ஷும்பீட்டர் புயலின் இயல்பைச் சொன்னார். புயலிலே கூரை இழந்தவர் யாவர், கூரையைப் பிரித்தவர் யாவர் என்ற கணக்கையும் நாம் பார்த்தாக வேண்டும்.

முதலில் விழுந்தவர் குடிசையில் இருந்து நூற்ற பெண்கள். கைத்தறியாளருக்கோ தொடக்கத்தில் பொற்காலம்! மலிந்த நூல் குவிந்தது. நெய்ய ஆள் போதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர்கள் நல்ல கூலி பெற்றனர். ஆட்கள் மேன்மேலும் தறிக்கு வந்தனர். போட்டி பெருகிக் கூலி சரியத் தொடங்கியது. அதன்மேல் வந்து விழுந்தது விசைத்தறி. பாதிரியார் கார்ட்ரைட் 1785 இல் அமைத்தது முரட்டுப் பொறி. பலர் கைபட்டுத் திருந்தியது. பிரிட்டனில் 1813 இல் சுமார் 2,400 விசைத்தறிகள். 1820 இல் சுமார் 14,000. 1833 இல் சுமார் ஒரு லட்சம்! நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரம் 20 ஷில்லிங்குக்கு மேல் பெற்ற நெசவாளி, 1830களில் 6 ஷில்லிங்குக்கு உழைத்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறியாளர், ஒரு தலைமுறைக்குள் தேய்ந்து மறைந்தனர்.

அவர்கள் வாளாவிருந்தனரா? இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வேண்டுமென 1808 இல் கேட்டனர். மறுத்தது நாடாளுமன்றம், மான்செஸ்டரில் திரண்டோர்மீது படை பாய்ந்தது, ஒரு நெசவாளி மாண்டார். 1835 இல் மீண்டும் கேட்டனர், மீண்டும் மறுப்பு. சொன்ன காரணம் என்ன தெரியுமா? கூலி, சந்தையின் இயற்கை விதிப்படி அமைவதாம். அதிலே சட்டம் தலையிடலாகாதாம்!

இங்கேதான் பகுத்தறிவு விழித்துக்கொள்ள வேண்டும். சட்டம் தலையிடாத நாள் உண்டா? இந்தியத் துணியைத் தடுத்தது சட்டம். ஆர்க்ரைட்டுக்காகத் தடையை நீக்கியது சட்டம். ஒருவருக்கு மட்டும் பொறியைச் சொந்தமாக்கிய காப்புரிமை, சட்டம். 1799, 1800 ஆம் ஆண்டுகளில் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி கேட்பதைக் குற்றமாக்கியது சட்டம். பொறியை உடைத்தால் மரண தண்டனை என்று 1812 இல் விதித்தது சட்டம். கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் எதிர்த்துப் பேசியும் அது நிறைவேறியது. தொழிலாளருக்குப் பாதுகாப்பளித்த 1563 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூலி விதிகளை 1813 இல் துடைத்தெறிந்ததும் சட்டமே! முதலாளி கேட்டபோதெல்லாம் சட்டத்துக்குக் கை நீண்டது. தொழிலாளி கேட்டபோது மட்டும் 'இயற்கை விதி' குறுக்கே வந்தது. கோவிலிலே விதி என்றனர். சந்தையிலே இயற்கை விதி என்றனர். பெயர்தான் வேறு, பணி ஒன்று—ஏழையைக் கேள்வி கேளாதிருக்கச் செய்வது!

புயலின் சேதம் கடல் கடந்தும் பரவியது. 1793 இல் எலி விட்னி அமைத்த பருத்தி அரைவைப் பொறி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தியைப் பெருக்கியது; 1790 இல் சுமார் 7 லட்சமாயிருந்த அங்குள்ள அடிமைகளின் தொகை, 1860 இல் 40 லட்சத்தை நெருங்கியது. 1813 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வாணிகத் தனியுரிமை நீங்கியதும், ஆலைத்துணி இந்தியச் சந்தையிலே வெள்ளமெனப் புகுந்தது. வேலி போட்டு வளர்ந்த தொழில், வேலி போடும் உரிமையற்ற நாட்டின்மீது பாய்ந்தது. புதுமை தானாகவே விடுதலையைக் கொணரும் என்பார்க்கு இவை விடை.

வேறு வழி இருந்தது

இப்படித்தான் நடந்திருக்க வேண்டுமா? இல்லை என்பதற்கும் வரலாறே சான்று. 1800 இல் நியூ லனார்க் ஆலையின் பொறுப்பேற்ற ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுக்க மறுத்தார், வேலை நேரத்தைக் குறைத்தார், பள்ளி வைத்தார். அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நின்ற நான்கு மாதங்களுக்கும் கூலி கொடுத்தார். ஆலை மூழ்கியதா? இலாபம் ஈட்டியது! மதங்களின் பிடியே மனிதனின் அறியாமைக்குக் காரணமென்று 1817 இல் இலண்டன் கூட்டத்தில் துணிந்து பேசிய அவரும் ஒரு தொழில் முனைவரே.

ஒரு நல்ல முதலாளியை நம்பியிருக்க முடியாதென்று கண்ட தொழிலாளர், தாமே அணி திரண்டனர். 1824 இல் சங்கத் தடைச் சட்டங்கள் வீழ்ந்தன. 1833 இல், ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் அமர்த்தலாகாதென்ற சட்டம், அதைக் கண்காணிக்கும் அதிகாரிகளோடு வந்தது. 1847 இல், பெண்களுக்கும் இளைஞர்க்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அதை முன்னின்று நிறைவேற்றிய ஜான் பீல்டனும் ஆலை முதலாளியே. இச்சட்டங்களால் லங்காஷயர் அழிந்துவிடும் என்று புலம்பியவர் உண்டு. அழியவில்லை, ஆலைகள் பெருகவே செய்தன.

இன்னொரு புதுமையும் உண்டு; பாடப்பட்டியலிலே அதற்கு இடமில்லை. 1844 டிசம்பரில், ரோச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கொரு பவுன் திரட்டி ஒரு சிறு கடை திறந்தனர். நெசவாளரும் பிற தொழிலாளருமே அவர்கள். கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்றனர். இலாபத்தை வாங்கியவருக்கே பகிர்ந்தனர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்றனர். பொறி இல்லை, காப்புரிமை இல்லை, 'சர்' பட்டம் இல்லை. எனினும் ஷும்பீட்டரின் இலக்கணப்படி அதுவும் புதிய அமைப்பே. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய கடை அது!

இளைஞர்களே, இன்றும் புதிய பொறிகள் வருகின்றன. அன்று கையின் வேலையைப் பறித்தவை, இன்று கணக்கெழுதும் மேசைக்கும் கருத்தெழுதும் மேசைக்கும் வந்துள்ளன. பொறியை உடைக்கச் சொல்வது நம் நெறியன்று. அது அறிவின் குழந்தை. பொறியின் முன் கைகட்டி நின்று 'காலத்தின் கோலம்' என்று முணுமுணுப்பதும் நம் நெறியன்று. அது விதியின் புதிய வேடம். புதுமை வரட்டும், துணிந்தவர் முனையட்டும், முனைந்தவர்க்கு உரிய பயனும் சேரட்டும். ஆனால் பொறியைக் கண்டவனுக்கு என்ன பங்கு, தறியை இழந்தவனுக்கு என்ன ஈடு, எந்த வயதில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்பவற்றைப் பொறி தீர்மானிப்பதில்லை. மனிதர் கூடிச் செய்யும் சட்டந்தான் தீர்மானிக்கிறது. அச்சட்டம் பிறக்கும் இடத்தில் நெசவாளியின் குரலும் ஒலிக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்த முறை அந்த ஐந்து பெயர்களையும் மாணவன் ஒப்பிக்கும்போது, ஆறாவதாக ஒரு வரியையும் சேர்க்கச் சொல்வோம்: 1844, ரோச்டேல், இருபத்தெட்டுப் பேர்.